மூளை வயது 31, வண்டிச் சாவியைக் காணோம்: மூளைப் பயிற்சிச் செயலியோடு நாலு மாதம்

அவசரத்தில் இருப்பவர்களுக்குத் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொழுதுபோக்கு விளையாட்டு என்று எடுத்துக்கொண்டால் ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். ஞாபக மறதிக்கு மருந்து என்று எடுத்துக்கொண்டால் ஒன்று. அந்த ஒன்றைக் கொடுத்ததற்கும் ஒரு காரணம் இருக்கிறது, கீழே வரும். செயலியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வாங்குவதற்கு முன் இந்த வகையில் நாலைந்தை இறக்கிப் பார்த்தேன், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை, வண்ணம்தான் வேறு. அதனால் உங்கள் போனில் எது இருந்தாலும் நான் சொல்வது ஓரளவு பொருந்தும்.

வாங்கிய கதை சின்னது. மூன்று வருடமாகப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவரை, வெளியிலிருந்து வந்த ஒருவருக்கு அறிமுகப்படுத்த வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. "இவர்தான் நம்ம..." என்று இழுத்து, இருமுவதுபோல் நடித்து, கடைசியில் அவரே தன் பெயரைச் சொல்லிக்கொண்டார். எனக்கு வயது 47. அன்று இரவு தூக்கம் வராமல் போனை நோண்டிக்கொண்டிருந்தபோது "உங்கள் மூளையின் வயது என்ன?" என்று ஒரு விளம்பரம் வந்தது (அந்த நேரம் பார்த்து அது எப்படி வந்தது என்பதைப் பற்றித் தனியாகவே புலம்பலாம்). ஐந்து நிமிடச் சோதனை. முடிவு: 58. பயந்துபோய் ஒரு வருடச் சந்தாவைக் கட்டிவிட்டேன். அந்த முதல் சோதனையை யார் செய்தாலும் மோசமாகத்தான் வரும், விதி என்ன என்று புரிவதற்குள்ளேயே பாதி நேரம் போய்விடுகிறது என்பது பிற்பாடு என் மனைவியை உட்கார வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவளுக்கு 61 வந்தது. சிரித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

உள்ளே பன்னிரண்டு விளையாட்டுகள். தினம் அவற்றில் ஐந்தை அதுவே பொறுக்கித் தரும், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒன்றில் 'நீலம்' என்ற சொல் சிவப்பு மையில் வரும், நீங்கள் சொல்லை விட்டுவிட்டு மையின் நிறத்தை அமுக்க வேண்டும். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்பவர் 1935ல் வெளியிட்ட சோதனை அது, அதற்கு இசையும் வாணவேடிக்கையும் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனாலும் செய்து பாருங்கள்: படிக்கத் தெரிந்த மூளைக்குப் படிக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் உறைக்கும். இன்னொன்றில் கட்டங்களுக்குள் வெளிச்சம் மின்னி மின்னி இடம் மாறும், இரண்டு தடவைக்கு முன் மின்னிய அதே இடத்தில் இப்போதும் மின்னினால் தட்ட வேண்டும், அது தேறிவிட்டால் மூன்று தடவைக்கு முன், அப்புறம் நாலு தடவைக்கு முன் என்று ஏறிக்கொண்டே போகும். ஆராய்ச்சிக்காரர்கள் இதை 'என்-பேக்' என்கிறார்கள். என் வீட்டில் இதற்கு 'அப்பா முறைக்கிற விளையாட்டு' என்று பெயர். மீதியெல்லாம் சீட்டுகளில் ஜோடி சேர்ப்பது, மீன் எந்தப் பக்கம் நீந்துகிறது என்று தட்டுவது, வேகக் கணக்கு. இவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். நீங்கள் நன்றாக ஆடினால் அது இறுக்கும், தடுமாறினால் தளர்த்தும், எப்போதும் கொஞ்சம் திணறிக்கொண்டே இருக்கும் இடத்தில் உங்களை நிறுத்தி வைக்கும். அந்தக் கணிப்பு மிகத் துல்லியம், அதைச் செய்தவர்களுக்கு ஒரு சபாஷ். காத்திருக்கும் நேரங்களில் செய்திகளைப் பார்த்து மனம் கெடுவதைவிட இது எவ்வளவோ மேல். எழுத்துகள் பெரிதாக இருக்கின்றன, இணையம் இல்லாமலும் ஓடுகிறது, நடுவில் விளம்பரம் வந்து கழுத்தை அறுப்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூளை வயது இறங்க ஆரம்பித்தது. இரண்டாவது வாரம் 52, ஒரு மாதத்தில் 44, மூன்றாவது மாதம் முடியும்போது 33, கடைசியில் 31. அதை ஒரு படமாக எடுத்து உறவினர் குழுவில் போட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அதற்கு அடுத்த நாள் காலை வீடு முழுக்க வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது மகள் சொன்னாள்: "அப்பா, உங்க மூளைக்குத்தான் 31 வயசாச்சே, அதுகிட்டயே கேளுங்க, எங்க வச்சோம்னு." சாவி வாஷிங் மெஷின் மேல் இருந்தது. அவள் பள்ளிக்குப் போன பிறகு அவளுடைய டேப்லெட்டில் என் கணக்கைத் திறந்து அதே விளையாட்டுகளை ஆடிப் பார்த்தேன். திரை பெரிது, பொத்தான்கள் கட்டைவிரலுக்கு எட்டாத தூரத்தில். மூளை வயது 43. திரை மாறியதற்கே ஒரு மூளைக்குப் பன்னிரண்டு வயது கூடுமென்றால், இவ்வளவு நாளாக அந்த எண் அளந்துகொண்டிருந்தது எதை?

எனக்கு இயல்பிலேயே கொஞ்சம் சந்தேகப் புத்தி. அதனால் சந்தா கட்டிய வாரமே செயலிக்கு வெளியே மூன்று சோதனைகள் செய்து எழுதி வைத்திருந்தேன். மகள் இருபது சொற்களை ஒருமுறை வாசிப்பாள், ஐந்து நிமிடம் கழித்து நான் திருப்பிச் சொல்ல வேண்டும்: ஒன்பது வந்தது. எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி வரிசை மாறாமல் ஒப்பிப்பது: ஏழு. பழைய பத்திரிகைகளிலிருந்து வெட்டிய பதினைந்து முகங்களுக்கு அவள் வாய்க்கு வந்த பெயர்களை வைத்து ஒருமுறை காட்டி, பிறகு கேட்பது: நாலு. நாலு மாதம் கழித்து வேறு சொற்கள், வேறு எண்கள், வேறு முகங்களோடு அதையே மறுபடி செய்தோம். பத்து, ஏழு, நாலு. அந்த ஒரு சொல் கூடியதைப் பயிற்சியின் பலன் என்று சொல்ல எனக்கே மனசு வரவில்லை. செயலிக்குள் ஜோடி சேர்ப்பதில் மூன்றாம் நிலையில் ஆரம்பித்தவன் 41ஆம் நிலையில் நிற்கிறேன், வெளியே வந்தால் அதே பழைய ஆள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அதை இவ்வளவு சுத்தமாக எண்களில் பார்த்ததில்லை.

ஏன் இப்படி என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். செயலியைவிட அந்தப் படிப்புதான் எனக்கு நல்ல லாபம். 1980ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு கல்லூரி மாணவரைப் பற்றி எழுதினார்கள். சாதாரண ஆள், எண்களைக் கேட்டு ஒப்பிப்பதில் நம்மைப் போலவே ஏழோடு நின்றவர். வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்று ஒன்றரை வருடத்துக்கும் மேல், மொத்தம் 230 மணி நேரத்துக்கு அதிகமாக அதையே செய்தார். கடைசியில் 79 எண்களை ஒருமுறை கேட்டு அப்படியே திருப்பிச் சொன்னார். எழுபத்தொன்பது! நான் என் மாமாவின் போன் எண்ணுக்கே நாக்குத் தள்ளுகிறேன். அவர் நீண்ட தூர ஓட்டக்காரர், அதனால் 3492 என்று கேட்டால் அது அவர் மண்டையில் '3 நிமிடம் 49.2 நொடி, ஒரு மைல் ஓட்டத்தின் உலகச் சாதனைக்குப் பக்கத்தில்' என்று போய் உட்கார்ந்தது. நாலு எண்கள் ஒரே பொட்டலம் ஆகிவிட்டன, பொட்டலங்களைச் சேர்த்து மூட்டை கட்டக் கற்றுக்கொண்டார். இதுவரை எல்லாரும் சொல்லும் கதை. அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு வேண்டியது: எண்களுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு! அவ்வளவுதான் வந்தது. 230 மணி நேரத்தில் அவருடைய ஞாபகசக்தி ஒரு அங்குலமும் வளரவில்லை, எண்களைக் கையாளும் ஒரு வித்தை மட்டும் மலையாக வளர்ந்திருந்தது.

அதைப் படித்த பிறகு எங்கே பார்த்தாலும் இதே கதைதான் கண்ணில் பட்டது. வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973ல் வெளியிட்ட சதுரங்க ஆராய்ச்சியில், நிஜ ஆட்டத்தின் நடுவிலிருந்து எடுத்த பலகையை ஐந்து நொடி காட்டிவிட்டு மறைத்தால், தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அடுக்கிவிடுகிறார், புதியவர் நாலைந்தோடு விழிக்கிறார். அதே காய்களைக் கன்னாபின்னாவென்று கலைத்து வைத்துக் காட்டினால் தேர்ந்தவரின் வித்தை ஏறக்குறைய காணாமல் போகிறது. சகுந்தலா தேவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1980 ஜூன் 18 அன்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இரண்டு 13 இலக்க எண்களை 28 நொடியில் மனதுக்குள்ளேயே பெருக்கியவர். பிறகு ஆர்தர் ஜென்சன் என்ற உளவியலாளர் அவரைச் சோதித்து 1990ல் எழுதினார். விளக்கு எரிந்ததும் பொத்தானை அமுக்குவது போன்ற எளிய வேகச் சோதனைகளில் அவர் மற்றவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் முந்தவில்லை! என் செயலி அவருக்கு என்ன மூளை வயது கொடுத்திருக்கும் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது.

ஆக, மூளை ரொம்ப நேர்மையான மாணவன். எதைச் சொல்லிக் கொடுத்தீர்களோ அதை அசுர வேகத்தில் கற்றுக்கொள்ளும், பக்கத்துப் பாடத்தை எட்டிக்கூடப் பார்க்காது. சித்திரமும் கைப்பழக்கம் என்பதில் 'அந்தக் கை, அந்தச் சித்திரம்' என்று சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்போல.

இந்தச் செயலிகளை நேராகவே சோதித்திருக்கிறார்கள். 2010ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில் 11,430 பேர் ஆறு வாரம் இணையத்தில் மூளைப் பயிற்சி செய்தார்கள். பழகிய விளையாட்டுகளில் எல்லாரும் தேறினார்கள், பழகாத சோதனைகளுக்கு அது கடந்து போனதாகத் தெரியவில்லை, பழகிய விளையாட்டுக்கு நெருங்கிய சொந்தமான சோதனையானாலும் சரி. என்-பேக் பயிற்சியால் பொதுவான புத்திக்கூர்மையே கூடுகிறது என்று 2008ல் ஒரு ஆய்வு வந்து பரபரப்பானது, செயலிகள் எல்லாம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டன. 2013ல் வேறொரு குழு கவனமாகத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. விளம்பரத்தில் அளந்துவிட்டதற்காக இந்தத் துறையின் பெரிய பெயரான லூமாசிட்டி, 2016ல் அமெரிக்க மத்திய வணிக ஆணையத்தோடு 20 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. நான் வாங்கியது அதை இல்லை. ஆனால் அதற்கப்புறம் எல்லாச் செயலிகளும் வாயை அளந்து பேசக் கற்றுக்கொண்டன: என்னுடையதில் "நினைவாற்றல் கூடும்" என்று எங்கேயும் கிடையாது, "நினைவாற்றலுக்குச் சவால் விடுங்கள்" என்றுதான் இருக்கிறது. சந்தா கட்டும்போது நான் அதைக் கவனிக்கவில்லை. கவனக் கூர்மையைச் சோதிக்கும் செயலிக்கு இதைவிட நல்ல முதல் கேள்வி கிடையாது.

அந்த ஒரு நட்சத்திரம் எதற்கு என்றால், இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நினைவுப் பயிற்சி ஒரு குழுவுக்கு, காரணம் கண்டுபிடிக்கும் பயிற்சி ஒரு குழுவுக்கு, கண் ஓரத்தில் மின்னி மறைவதைச் சட்டென்று பிடிக்கும் வேகப் பயிற்சி ஒரு குழுவுக்கு, நாலாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. பத்து அமர்வுகள், சிலருக்கு மட்டும் பிறகு சில கூடுதல் அமர்வுகள், அவ்வளவே. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது நினைவுப் பயிற்சியின் பலன் கரைந்துவிட்டது, மற்ற இரண்டின் பலன் மிஞ்சியிருந்தது. வேகப் பயிற்சி எடுத்தவர்கள் வண்டி ஓட்டும்போது தங்கள் தவறால் விபத்து ஏற்படுத்துவதும் பிறகு வந்த வருடங்களில் குறைந்திருந்தது. கவனித்துப் பாருங்கள்: ஓரக்கண்ணில் சட்டென்று வருவதைப் பிடிக்கும் பயிற்சி, ஓரக்கண்ணில் சட்டென்று வருவதைப் பிடிக்க வேண்டிய வேலைக்கு உதவியிருக்கிறது. மறுபடியும் அதே நேர்மையான மாணவன்தான். என் செயலியில் அந்த மாதிரி விளையாட்டு ஒன்று இருக்கிறது, மீன் விளையாட்டுக்குப் பக்கத்தில். வயதான பெற்றோர் வண்டி ஓட்டுகிறவர்களாக இருந்தால் அதை ஆடச் சொல்லலாம் என்றுதான் அந்த ஒரு நட்சத்திரம்.

டேப்லெட்டில் எட்டாமல் திணறிய அந்தக் கட்டைவிரல் கதைக்கு வருகிறேன். ஹென்றி மொலைசன் என்று ஒருவர், உயிரோடு இருந்தவரை ஆராய்ச்சிக் கட்டுரைகளில் எச்.எம். என்ற எழுத்துகளாகவே இருந்தவர். வலிப்பு நோயைத் தணிக்க 1953ல், அவருடைய 27ஆம் வயதில், மூளையின் இரண்டு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸ் என்ற, நினைவுகளைப் பதியவைக்கும் பகுதியில் ஒரு பெரிய துண்டை எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் புதிதாக எதையும் அவரால் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியவில்லை. பேசிவிட்டு அறையை விட்டுப் போனவர் திரும்பி வந்தால் புது ஆள். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கையை நேராகப் பார்க்காமல் கண்ணாடியில் மட்டும் பார்த்து அதன் கோட்டுக்குள்ளேயே வரையச் சொன்னார். யாருக்குமே முதலில் கை எசகுபிசகாகத்தான் போகும். மூன்று நாள் செய்தார், நாளுக்கு நாள் பிழை குறைந்து அழகாக வரைந்தார். ஆனால் ஒவ்வொரு நாளும் அவரைப் பொறுத்தவரை அந்த வேலையை அவர் முன்பு பார்த்ததே இல்லை. ஞாபகம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது மூளைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கடைகள் என்று அங்கிருந்துதான் தெளிவாகத் தெரிய வந்தது: நடந்ததை நினைவில் வைப்பது ஒரு கடை, கை பழகுவது வேறு கடை. ஒன்றை மூடினாலும் மற்றது வியாபாரம் செய்யும். நான் நாலு மாதமாகப் பெயர்களை ஞாபகம் வைக்கும் கடைக்கென்று சந்தா கட்டி, கை பழகும் கடையில் சரக்கு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கும் எச்.எம்.முக்கும் ஒரு வித்தியாசம், அவருக்கு அது தெரிய வழியில்லை, எனக்கு வழி இருந்தும் தெரியவில்லை.

செயலி மீது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. திறந்ததும் வரும் வரவேற்புத் திரையில் "பெரும்பாலானோர் மூளையின் ஒரு சிறு பகுதியைத்தான் பயன்படுத்துகிறார்கள்" என்று ஒரு வரி. மனிதன் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறான் என்ற பழைய கட்டுக்கதையின் அடக்கமான தம்பி. மூளை உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம், ஆனால் ஓய்வில் இருக்கும் உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது ஒன்றே விழுங்குகிறது. சும்மா கிடக்கும் சரக்குக்கு எந்த உடம்பு இவ்வளவு வாடகை கொடுக்கும்? ஸ்கேனில் பார்த்தால் தூக்கத்தில்கூட அணைந்து கிடக்கும் பகுதி என்று எதுவும் இல்லை. அதே திரையில் "10,000 கோடி நியூரான்கள்" (மூளையின் நரம்பு உயிரணுக்கள்) என்றும் இருக்கிறது, அதுவும் பழைய கணக்கு. பிரேசிலைச் சேர்ந்த சுசானா ஹெர்குலானோ-ஹவுசெல் குழு மூளையை ஒரே சீரான கரைசலாக்கி, அதில் மிதக்கும் உயிரணுக் கருக்களை எண்ணி, 2009ல் சுமார் 8,600 கோடி என்று சொன்னது. (மூளையை எண்ண அதைக் கரைத்தே ஆக வேண்டியிருந்தது என்பது எனக்கு ஏனோ பிடித்திருக்கிறது.) 1,400 கோடியை மிகைப்படுத்தியவர்கள் என் மூளைக்கு வயது போடுகிறார்கள்.

பயிற்சியால் மூளை மாறவே மாறாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாறும், ஸ்கேனில் தெரியும் அளவுக்கே மாறும். லண்டனில் கறுப்பு டாக்ஸி ஓட்ட வேண்டுமென்றால் நகரின் நடுவிலிருக்கும் சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுத வேண்டும், மூன்று நாலு வருடம் ஆகும். எலினோர் மக்வயரின் குழு 2000ல் அந்த ஓட்டுநர்களின் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதைக் காட்டியது. பெரிதாக இருந்தவர்கள்தான் ஓட்டுநர் ஆனார்களோ என்று நீங்கள் கேட்பீர்கள், அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். அதனால் பயிற்சிக்குச் சேர்ந்த 79 பேரை ஆரம்பத்திலிருந்தே பின்தொடர்ந்து 2011ல் எழுதினார்கள்: 39 பேர் தேறினார்கள், தேறியவர்களுக்கு மட்டும் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. இதில் யாரும் விளம்பரத்தில் போடாத ஒரு செய்தி உண்டு. சிக்கலான ஒரு கோட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு அரை மணி கழித்து நினைவிலிருந்து வரையச் சொன்னால், இந்த ஓட்டுநர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். 25,000 தெருக்களை உள்ளே விட்டதற்கு ஏதோ ஒரு மூலையில் விலை கொடுத்திருக்கிறார்கள். மூன்று வருடம், தெருத் தெருவாக, பிழைப்புக்காகப் படித்தவர்களுக்குத்தான் அந்தப் பகுதி நகர்ந்து கொடுத்தது. கழிவறையில் உட்கார்ந்து கால் மணி நேரம் மீன் தட்டுகிறவனுக்கு அது ஏன் நகர வேண்டும்?

இதே வகையில் இன்னொன்று, இது டாக்ஸியைவிட வியப்பு. பார்வையில்லாத சிலர் நாக்கால் 'டக் டக்' என்று சொடுக்கி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து எதிரே சுவரா மரமா என்று கண்டுகொண்டு நடக்கிறார்கள், சைக்கிள்கூட ஓட்டுகிறார்கள். 2011ல் அப்படிப்பட்ட இருவரை ஸ்கேனில் வைத்து எதிரொலியைக் கேட்க விட்டபோது, நமக்கெல்லாம் பார்ப்பதற்கென்று இருக்கும் மூளைப் பகுதி அவர்களுக்கு வேலை செய்தது. கண்ணிலிருந்து செய்தி வராமல் போனதும் அந்த இடத்தை மூளை காதுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறது. இப்படிப்பட்ட ஒன்றைத் தலைக்குள் வைத்துக்கொண்டு நான் 41ஆம் நிலையைக் கொண்டாடிக்கொண்டிருந்தேன்.

பெயர்கள் மறப்பதற்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். செயலியில் இல்லாத ஒன்றைச் செய்தேன், அது இரண்டாயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட பழைய சமாச்சாரம், கிரேக்கக் கவிஞர் சிமோனிடிஸ் பெயரில் சொல்வார்கள்: நினைவு மாளிகை. நன்றாகத் தெரிந்த இடம் ஒன்றை மனதுக்குள் நடந்து, ஞாபகம் வைக்க வேண்டியதை ஒவ்வொரு மூலையிலும் கோணங்கித்தனமான காட்சியாக உட்கார வைப்பது. யானை என்றால் வாசற்படியில் மாட்டிக்கொண்டு பிளிற வேண்டும், குடை என்றால் கட்டிலில் படுத்துக் குறட்டை விட வேண்டும், அடக்கமான காட்சி எதுவும் ஒட்டாது. 2017ல் நியூரான் இதழில் வந்த ஆய்வு ஒன்றில், இதற்கு முன் பழக்கமில்லாதவர்கள் தினம் அரை மணி நேரம் 40 நாள் இதைப் பயின்றதும், 72 சொற்களில் சராசரியாக 26 நினைவு வைத்தவர்கள் 62க்கு வந்தார்கள். நானும் பத்து நாள் பழகினேன். மகள் வாசித்த இருபது சொற்களில் 18 வந்தன, அவளே வாயைப் பிளந்தாள். நாலு மாதத்துக்கு ஒரு சொல், பத்து நாளுக்கு எட்டுச் சொல்.

இங்கேயும் அதே விதிதான், ஏமாந்துவிடாதீர்கள். இதனால் என் ஞாபகசக்தி வளர்ந்துவிடவில்லை, பட்டியலை ஞாபகம் வைக்க ஒரு வித்தை கிடைத்தது. முகத்துக்கும் பெயருக்கும் வேறு மாதிரி பழக வேண்டியிருந்தது: ஒருவர் பெயரைச் சொன்னதும் அதைக் காதில் வாங்கி, வாய்விட்டு ஒருமுறை திருப்பிச் சொல்லி, அவர் மூக்கிலோ புருவத்திலோ அதை மாட்டிவிடுவது. பதினைந்து முகங்களில் இப்போது பத்து வருகிறது. பக்கத்து மேசைக்காரர் புருவத்தில் என்ன மாட்டியிருக்கிறேன் என்று அவரிடம் சொன்னதில்லை. வண்டிச் சாவிக்கு எந்த மாளிகையும் உதவவில்லை. காரணம் எளிது, வைத்த இடம் எனக்கு மறக்கவே இல்லை, அது முதலில் உள்ளே போகவே இல்லை. போனில் பேசிக்கொண்டே எங்கேயோ போட்டுவிட்டு, பதியாததைத் திருப்பிக் கொடு என்று மூளையைக் கேட்டால் அது எங்கே போகும். கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்தேன், தீர்ந்தது.

அப்புறம் நடை. இது விமர்சனத்துக்குள் வரக் கூடாதுதான், ஆனால் ஒப்பிட்டுச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2011ல் வந்த ஆய்வில் 120 முதியவர்களில் பாதிப் பேர் வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வரை, ஒரு வருடம் நடந்தார்கள். வயதானால் சுருங்க வேண்டிய ஹிப்போகாம்பஸ் அவர்களுக்கு 2 சதவீதம் கூடியிருந்தது, வெறும் கைகால் நீட்டி மடக்கிய மறு பாதிக்குக் குறைந்திருந்தது. நடைக்குச் சந்தா கிடையாது.

குறைகளில் மிச்சம். இரவு 9:30க்கு "உங்கள் மூளை உங்களுக்காகக் காத்திருக்கிறது" என்று அறிவிப்பு வரும், அதை நிறுத்தும் பொத்தான் அமைப்புகளுக்குள் மூன்று படி கீழே. ஒருநாள் விட்டுவிட்டால் தொடர்ச்சி அறுந்தது என்று அழுகிற முகம் ஒன்று. சந்தா தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், அதை ரத்து செய்யச் செயலிக்குள் வழியே இல்லை, உலாவியில் கணக்கைத் திறந்து தேட வேண்டும். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி, டேப்லெட்டில் ஏன் பன்னிரண்டு வயது கூடுகிறது என்று கேட்டேன். "தொடர்ந்து பயிற்சி செய்யுங்கள்" என்று ஆறு நாள் கழித்துப் பதில் வந்தது. தமிழில் இல்லை என்பதும் ஒரு குறை, நிறமும் சொல்லும் மோதும் விளையாட்டைத் தாய்மொழியில் ஆடினால்தான் அதன் முழு எரிச்சலும் கிடைக்கும். மகள் அட்டையில் எழுதித் தந்து ஆடிப் பார்த்தேன், அது செயலியைவிட நன்றாக இருந்தது.

சரி, யார் வாங்கலாம்? காத்திருக்கும் நேரத்தில் விளையாட ஏதாவது வேண்டும், மூளை வயது என்று வருகிற எண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளத் தெரியும் என்றால் ஒரு மாதச் சந்தா போதும், வருடத்துக்குக் கட்டாதீர்கள். ஞாபகம் போய்விடுமோ என்ற பயத்தில் வாங்குவதாக இருந்தால் வேண்டாம். நிஜமாகவே பயப்படும்படி ஏதாவது நடந்துகொண்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள், விளையாட்டில் வரும் எண்ணை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

போன மாதம் ரத்து செய்தேன். "118 நாள் தொடர்ச்சி அழிந்துவிடும், நிச்சயமா?" என்று மூன்று முறை கேட்டது, மூன்று முறையும் ஆம் என்று தட்டிவிட்டுச் செயலியையும் நீக்கினேன். அந்த இடத்தில் இப்போது வானிலை இருக்கிறது. இன்னமும் இரவு ஒன்பதரை மணிவாக்கில் போனைக் கையில் எடுத்தால் கட்டைவிரல் தானாக இரண்டாவது வரிசையில் மூன்றாவது இடத்துக்குப் போய்த் தட்டிவிடுகிறது. நாளைக்கு மழை வருமா என்று நான் இவ்வளவு ஒழுங்காக ஒருநாளும் பார்த்ததில்லை.